காதர்பேட்டை முதல் கொடுமணல் வரை: நொய்யல் கரையில் ஒரு ரத்தினச் சுற்று

காதர்பேட்டைக்குக் கிலோ கணக்கில் பனியன் வாங்க வரும் வெளியூர் வியாபாரியிடம், "இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டரில் ஒரு ரத்தினச் சுரங்கம் இருந்தது, ரோமாபுரிப் பணக்காரர்கள் அந்த மாதிரிக் கல்லுக்குத்தான் அலைந்தார்கள்" என்று சொன்னால் என்ன செய்வார்? சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. திருப்பூர்க்காரர்களிலேயே பலருக்கு இந்த விஷயம் தெரியாது.

1920களில் குலாம் காதர் என்பவர் பனியன் நெய்யும் இயந்திரங்களை இங்கே கொண்டு வந்ததிலிருந்துதான் திருப்பூரின் கதை தொடங்குகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். பனியனின் கதை அங்கே தொடங்குவது உண்மைதான். ஆனால் இந்த வட்டாரம் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கியது அதற்கு சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. அந்தச் சரக்கு துணி அல்ல, கல்.

காதர்பேட்டையில் கிளம்பி, நொய்யலைத் தாண்டி, காங்கேயம் சாலையில் படியூர், சிவன்மலை, அங்கிருந்து வடக்கே திரும்பி ஒரத்துப்பாளையம் அணை, ஆற்றைக் கடந்து கொடுமணல், பிறகு கத்தாங்கண்ணி, ஊத்துக்குளி வழியாகத் திரும்பவும் திருப்பூர். வரைபடத்தில் பார்த்தால் நொய்யலைச் சுற்றி ஒரு வட்டம். பைக்கில் ஒரே நாளில் முடித்துவிடலாம். நடப்பதென்றால் சிவன்மலையைச் சுற்றியும் அணைக்கரையிலும் நடக்கலாம். இந்த வட்டத்துக்குள் அடங்கியிருக்கும் சரித்திரம் மட்டும் ஒரு நாளில் முடியாது.

முதலில் படியூர். காங்கேயம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் மானாவாரிக் காடு, கிளுவை முள்வேலி, கொறங்காட்டில் மேயும் மாடு. இந்த நிலத்துக்கு அடியில் கடினமான பாறை. அந்தப் பாறையின் விரிசல்களில், பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு உருகிய குழம்பு புகுந்து மெல்ல ஆறி, பெரிய பெரிய படிகங்களாக உறைந்திருக்கிறது. வெள்ளைக் கல், படிகக் கல், அவற்றுக்கு நடுவே அங்கங்கே ஆறு பட்டையோடு பென்சில் மாதிரி நீண்டு நிற்கும் பெரில் என்ற கல். அதில் இரும்பு கொஞ்சம் கலந்து, கடல் தண்ணீர் போல நீலமும் பச்சையுமாகத் தெளிந்து கிடைத்தால் அதற்கு அக்வாமரைன் என்று பெயர். பெரிலியம் என்ற உலோகத்தை 1798இல் வாக்லான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கண்டுபிடித்ததும் இந்தக் கல்லிலும் மரகதத்திலும்தான்.

சுரங்கம் என்றதும் கோலார் தங்கவயல் மாதிரி கோபுரமும் சக்கரமும் நினைவுக்கு வரும். படியூரில் அப்படி எதுவும் இருந்ததில்லை. நிலத்தில் நேராக இறங்கும் குழி, பார்வைக்குத் தோட்டத்துக் கிணறு மாதிரிதான். 1819–20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இதை எடுத்து நடத்தினார். அந்தக் குறுகிய காலத்தில் 2,196 கற்கள் எடுத்தார் என்றும், அவற்றின் மதிப்பு சுமார் 1,200 பவுன் என்றும் ஆங்கிலேயர் காலப் பதிவுகள் சொல்கின்றன. வகுத்துப் பார்த்தால் ஒரு கல்லுக்குச் சராசரியாகப் பதினோரு ஷில்லிங். பெரிய புதையல் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தக் காலத்துக்குக் கெட்ட வியாபாரமும் அல்ல. அதே வேகத்தில் அது நீடிக்கவில்லை. நியூபோல்ட் என்ற ராணுவ அதிகாரி இந்தச் சுரங்கத்தின் பாறை அமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரை 1840இல் எடின்பரோவில் வெளியானது. பிறகு 1876இல் வால்ஹவுஸ் என்ற அதிகாரி, பழைய காலத்து அக்வாமரைனையும் படியூரையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதினார். ரோமாபுரிக்குப் போன கல்லுக்கும் இந்தக் குழிக்கும் உள்ள உறவு அப்படித்தான் அச்சில் பேசப்பட ஆரம்பித்தது.

ரோமானியர்கள் என்ன சொன்னார்கள்? கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, தன்னுடைய 'இயற்கை வரலாறு' நூலின் 37ஆம் பாகத்தில் பெரில் பற்றி எழுதியிருக்கிறார். இந்தக் கல் இந்தியாவில்தான் கிடைக்கிறது, வேறு இடங்களில் அபூர்வம் என்கிறார். கடலின் பசுமையைக் காட்டும் கல்தான் உயர்ந்ததாம். இந்தியர்களுக்கு நீளமான கல் மேல் தனி ஆசை, தங்கத்தில் பதிக்காமலே அழகாக இருக்கும் ஒரே ரத்தினம் இதுதான் என்பார்கள், அதனால் துளை போட்டு யானை முடியில் கோத்துக்கொள்வார்கள் என்றும் எழுதுகிறார். யானை முடி மோதிரம் போடும் பழக்கம் நம் ஊர்களில் அண்மைக்காலம் வரை இருந்ததை நினைத்தால் அவர் சும்மா எழுதவில்லை என்று தோன்றுகிறது.

பிளினி இன்னொன்றும் சொல்கிறார். படிகக் கல்லுக்குச் சாயம் ஏற்றிப் போலி ரத்தினம் செய்வதில் இந்தியர்கள் கெட்டிக்காரர்களாம், முக்கியமாகப் போலி பெரில்! சாயமேற்றும் தொழிலும், டூப்ளிகேட் சரக்கு என்ற புகாரும் நமக்கு நேற்று வந்ததல்ல போலிருக்கிறது.

பெரில் என்ற சொல்லே இங்கிருந்து போனதுதான். பிராகிருதத்தில் வெருளியம், சமஸ்கிருதத்தில் வைடூரியம், கிரேக்கத்தில் பெரில்லோஸ். ஜெர்மன் மொழியில் மூக்குக் கண்ணாடிக்கு 'பிரில்லே' என்று பெயர், அதுவும் இந்தக் கல்லின் பெயரிலிருந்து பிறந்ததுதான். (இன்று நகைக்கடையில் வைடூரியம் கேட்டால் பூனைக்கண் கல்லைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். பெயர் இடம் மாறிவிட்டது.)

படியூரிலிருந்து காங்கேயம் பக்கம் கொஞ்ச தூரம் போனால் சிவன்மலை. அருணகிரிநாதர் பட்டாலியூர் என்று பாடிய தலம், அடிவாரத்து ஊரின் பெயர் இன்றும் பட்டாலிதான். படியூர்ச் சுரங்கத்தைக் குறிக்க ஆங்கிலேயர்கள் 'பட்டியாலி' என்றும் ஒரு பெயரை எழுதியிருப்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிவவாக்கிய சித்தர் வழிபட்ட மலை என்பது நம்பிக்கை. தைப்பூசத்துக்கு மலையைச் சுற்றித் தேர் இழுப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கோயிலைத் தெரிவது 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி'யால். பக்தர் கனவில் முருகன் சொன்ன பொருளை, பூ கேட்டு உத்தரவு வாங்கி, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். மஞ்சள், மண், சைக்கிள், துப்பாக்கி என்று எது வேண்டுமானாலும் வரலாம். 2004 சுனாமிக்கு முன்பு அந்தப் பெட்டியில் தண்ணீர் இருந்தது என்று சொல்லாத பக்தர் இந்தப் பக்கம் குறைவு.

மலையைச் சுற்றி வருகிறவர்கள் காலுக்குக் கீழே கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹாலண்ட், இந்த மலைப் பாறைகளைப் பற்றி மட்டும் தனியாக ஓர் ஆய்வு நூல் எழுதி 1901இல் வெளியிட்டார். உலகத்தில் பல இடங்களில் கிடைக்காத பாறை வகை இது. அதில் குருந்தக் கல் இருக்கிறது. குருந்தம் என்ற தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் 'கொரண்டம்' ஆனது. குருந்தம் சிவப்பாகத் தெளிந்தால் மாணிக்கம், நீலமாகத் தெளிந்தால் நீலக்கல். தெளியாமல் கிடப்பதும் வீண் இல்லை. கடினத்தில் வைரத்துக்கு அடுத்த இடம் குருந்தத்துக்கு. மோஸ் அளவுகோலில் வைரம் 10, குருந்தம் 9, பெரில் ஏழரையிலிருந்து எட்டு, படிகக் கல் 7. அதாவது பெரிலைத் தேய்த்து மெருகேற்ற வேண்டுமானால் குருந்தப் பொடி வேண்டும். ரத்தினக்கல் படியூரில், அதைத் தேய்க்கும் பொடி சிவன்மலையில். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கொடுமணலுக்குப் போனால்தான், அந்த ஊர் ஏன் அந்த இடத்தில் இருந்தது என்பது புரியும்.

கொடுமணல் நொய்யலின் வடகரையில் ஈரோடு மாவட்ட எல்லைக்குள் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கபிலர் பாடிய 67ஆம் பாட்டிலும், அரிசில் கிழார் பாடிய 74ஆம் பாட்டிலும் அணிகலன்களுக்குப் பேர் போன ஊராக வரும் கொடுமணம் இதுதான் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். 1961இல் மத்தியத் தொல்லியல் துறை இங்கே சிறிய அளவில் தோண்டிப் பார்த்தது. உண்மையான வெளிச்சம் 1985 முதல் 1990 வரை நடந்த அகழாய்வில் கிடைத்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் எ. சுப்பராயலு, கா. ராஜன் போன்றவர்கள் அதில் இறங்கினார்கள். பிறகு 1990களில் தமிழகத் தொல்லியல் துறையும், 2012–13இல் ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகமும், அதற்குப் பின்னும் வேறு குழுக்களும் தோண்டியிருக்கின்றன.

கிடைத்தவை என்ன? பெரில், நீலக்கல், சூதுபவளம், அகேட், செவ்வந்திக்கல், படிகம். நகையாக முடிந்த மணிகள் மட்டும் கிடைத்திருந்தால், யாரோ பணக்காரர் வாங்கி அணிந்தது என்று விட்டுவிடலாம். ஆனால் இங்கே கிடைத்தது எல்லா நிலையிலும் இருந்தது: உடைக்காத கல், உடைத்த துண்டு, பட்டை போட்டது, பாதி மெருகேற்றியது, துளை போடும்போது உடைந்து போனது, சில்லுக் குப்பை. அதாவது இது பட்டறை. காதர்பேட்டை மொழியில் சொன்னால் கட்டிங், செக்கிங், ரிஜெக்‌ஷன் எல்லாம் ஒரே ஊரில்.

மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு ராஜன் சொல்லும் விளக்கம் எளிமையானது. பெரில் படியூரிலிருந்து, நீலக்கல் சிவன்மலைப் பக்கத்திலிருந்து, படிகக் கல் வெங்கமேடு, அரசம்பாளையம் பக்கத்திலிருந்து, இரும்புத் தாது சென்னிமலைப் பக்கத்திலிருந்து. எல்லாமே நடந்து போய் எடுத்து வரும் தூரம். சூதுபவளம் மட்டும் வெளியிலிருந்து வந்த சரக்கு. ஒரே ஒரு கல்லறையில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல் சூதுபவள மணிகள் இருந்தன என்றால், வாங்கும் சக்தியும் இந்த ஊருக்கு இருந்திருக்கிறது. இன்னொரு கல்லறையிலிருந்து கற்கள் பதித்த ஒரு வெண்கலப் புலி வந்தது. இரும்பு உருக்கிய உலைகளும், உருக்கு எஃகு செய்த தடயங்களும் உண்டு. நூல் நூற்கும் தக்களி வில்லைகளும் உண்டு. பனியன் சீமைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

இந்தக் கதையில் மிக அழகான பகுதி கல் அல்ல, பானை ஓடு. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்து. பெரும்பாலும் ஆட்களின் பெயர்கள். கண்ணன் ஆதன் என்று ஒருவர், சம்பன் சுமனன் என்று ஒருவர். தமிழ்ப் பெயரும் வடக்கத்திப் பெயரும் கலந்து கிடக்கின்றன. வணிகக் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்ற சொல்லும் ஓர் ஓட்டில் இருக்கிறது. அரசனின் கல்வெட்டு அல்ல இவை. தன்னுடைய பானை இன்னொருவர் பானையோடு மாறிவிடக்கூடாது என்று ஒரு தொழிலாளியோ வியாபாரியோ கீறி வைத்த பெயர். ஊர் ஊராக வந்து லைன் வீட்டில் தங்கி வேலை செய்கிறவர்கள் டிபன் பாக்ஸில் பெயர் வெட்டி வைப்பார்களே, அதேதான். அந்தக் காலத்தில் இத்தனை பேருக்கு எழுதத் தெரிந்திருந்தது என்பதுதான் ஆய்வாளர்களை வியக்க வைத்த விஷயம்.

மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறித் துறைமுகம், கிழக்கே கரூர், அங்கிருந்து காவிரி வழியாகக் கடற்கரை. இரண்டுக்கும் இடைப்பட்ட பெருவழியில் கொடுமணல். இந்தச் சாலையில் கல் மேற்கே போனது, காசு கிழக்கே வந்தது. ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறது என்று பிளினி புலம்பியதன் ஒரு சின்னப் பங்கு இந்த ஆற்றங்கரைக்கும் வந்திருக்கும்.

இனி ஏரிக்கரை. சிவன்மலையிலிருந்து கொடுமணலுக்குப் போகும் வழியில் இருப்பதால் உண்மையில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் கொடுமணலைத் தெரிந்துகொண்ட பிறகு பார்த்தால்தான் வலிக்கும்.

ஒரத்துப்பாளையம் அணை திருப்பூரிலிருந்து ஆற்றோடு போனால் சுமார் 32 கிலோமீட்டர். 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. நோக்கம் நல்ல நோக்கம். மழை வந்தால் மட்டும் ஓடும் நொய்யலைத் தேக்கி, ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் சுமார் இருபதாயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் கொடுப்பது. அதே ஆண்டுகளில்தான் திருப்பூர் ஏற்றுமதி தலைகால் தெரியாமல் வளர்ந்தது. வெள்ளை பனியன் தைத்த ஊர் கலர் டீ-ஷர்ட் தைக்க ஆரம்பித்தது. கலர் என்றால் சாயப்பட்டறை, சாயம் துணியில் பிடிக்க வேண்டுமானால் மூட்டை மூட்டையாக உப்பு, அலச லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர். அந்தத் தண்ணீர் போன இடம் நொய்யல். நொய்யல் வந்து நின்ற இடம் ஒரத்துப்பாளையம். பாசனத்துக்குக் கட்டிய அணை சாயக்கழிவு நிற்கும் தொட்டியானது.

சில ஆண்டுகளில் ஒரு விசித்திரம் நடந்தது. தண்ணீர் திறந்து விடு என்று போராட வேண்டிய விவசாயிகள், திறக்காதே என்று போராடினார்கள். திறந்தால் கீழே இருக்கிறவர்களின் நிலம் போகும். திறக்காமல் தேக்கினால் அணையைச் சுற்றி இருக்கிறவர்களின் கிணறு போகும். இரண்டுமே நடந்தது. நீர்ப்பரப்பை ஒட்டிய ஊர்களில் கொடுமணலும் ஒன்று. தென்னையும் மஞ்சளும் விளைந்த தோட்டங்களில் உப்பு பூத்தது. குடிக்க, மாட்டுக்கு வைக்க, எல்லாவற்றுக்கும் வெளியூர்த் தண்ணீரை நம்ப வேண்டியதாயிற்று.

நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சூழல் இழப்பீட்டு ஆணையம் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று கணக்கிட்டது. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கடுமையான தீர்ப்புத் தந்தது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்ததில், 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. அப்படியும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வராது என்று காட்டினால்தான் மறுபடி திறக்கலாம். எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. துணி சாயத்துக்கு வேறு ஊர் போனது, வேலை போன தொழிலாளர்களில் பலர் ஊர் திரும்பினார்கள். அவர்களும் பாவம்தான். ஆற்றில் விட முடிவெடுத்தவர்கள் அவர்கள் இல்லை, ஆனால் அந்த மாதங்களில் சம்பளம் இல்லாமல் இருந்தவர்கள் அவர்கள்தான். பிறகு கழிவைச் சுத்திகரித்து நீரை மறுபடி பயன்படுத்தும் முறைக்குப் பட்டறைகள் மாறின. இன்று அதைத் திருப்பூரின் சாதனையாகச் சொல்கிறார்கள். சாதனைதான். ஆனால் வழக்குப் போட்டவர்கள் பெயர் அந்த மேடைகளில் கேட்பதில்லை.

இதில் தேதிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொடுமணலின் பெரிய அகழாய்வு முடிந்தது 1990. பக்கத்தில் அணை திறந்தது 1992. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஏற்றுமதித் தொழிலின் கழிவை அறிஞர்கள் சல்லடையில் சலித்து, துண்டு துண்டாக எண்ணி முடித்த கையோடு, இன்னொரு ஏற்றுமதித் தொழிலின் கழிவு அதே ஊர் வாசலில் வந்து நின்றது. கல்பட்டறைக்காரன் விட்டுப்போன சில்லு மண்ணில் கிடந்தது, யாரையும் தொந்தரவு செய்யவில்லை. படியூரில் கிணறு மாதிரி தோண்டினால் கடல் நிறத்தில் கல் வந்தது. ஒரத்துப்பாளையம் பக்கத்தில் கிணறு தோண்டினால் கடல் மாதிரி உப்புத் தண்ணீர் வந்தது.

அணைக்கரையில் நடந்தால் இன்று நாற்றம் பழைய அளவுக்கு இல்லை. பல வருடங்கள் தண்ணீரைத் தேக்காமலே வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் பறவைகள் வருகின்றன. ஆனால் நிலத்தில் இறங்கிய உப்பு ஒரு தீர்ப்பில் வெளியே போய்விடாது.

கொடுமணலைத் தாண்டி வடகரையோடு மேற்கே திரும்பினால் கத்தாங்கண்ணி, அதற்கப்புறம் வெண்ணெய்க்குப் பேர் போன ஊத்துக்குளி, பிறகு திருப்பூர். கத்தாங்கண்ணியில் இறங்கிப் பார்க்க நினைவுச் சின்னம் ஒன்றும் கிடையாது. நொய்யல் தண்ணீரை வாங்கும் குளம் ஒன்று இருக்கிறது. ஆனால் இந்த ஊரில்தான் 1913இல் ரோமானிய வெள்ளிக் காசுகள் இருநூறுக்கும் மேல் ஒரே இடத்தில் கிடைத்தன. கொடுமணலிலிருந்து நடந்து வரும் தூரம். சரக்கை விற்றவரோ வாங்க வந்தவரோ, யாரோ ஒருவர் பத்திரமாகப் புதைத்து வைத்தார். எடுக்கத் திரும்பி வரவில்லை.